வெட்டாத பெயர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். வேலையிடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. டேனிஷ்காரர்கள் அதையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்வதில்லை; கோப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்து போய்விடுவார்கள். நான் சத்தம் போடும்போது எழுந்து போகாத ஒரே ஆள் எனக்கு எதிர்மேசையில் இருந்தவள்தான். கணினித் திரைக்கு மேலால் தலையை நீட்டி, "திரும்பவும் எழுத்தா?" என்று மட்டும் கேட்பாள். பெரும்பாலும் எழுத்துதான்.

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் என்ற ஊரில், உருக்குத் தகட்டை வெட்டி வளைத்துப் பாற்பண்ணைகளுக்குச் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வரைபடம் வரைகிறவர்கள். மேல்மாடியில் நாங்கள் கணினியில் வரைந்து கொடுப்பதைக் கீழே லேசர் இயந்திரம் வெட்டும். கோடுகளால் எங்களுக்குத் தொல்லை இல்லை. வட்டம் வட்டமாகத்தான் வரும். தொல்லையெல்லாம் வரைபடத்தில் எழுதுகிற குறிப்புகளால் வருவது. தகடு எவ்வளவு தடிப்பு, துளை எவ்வளவு அகலம், எந்தப் பக்கத்தை மினுக்க வேண்டும் என்று எல்லாம் எழுத்தில்தான் நிற்கும். வேறொரு நிறுவனத்திலிருந்து வரைபடம் வரும். திறந்தால் துளையின் விட்டத்தைச் சொல்கிற குறி கேள்விக்குறியாக மாறியிருக்கும். குறிப்பெல்லாம் இரண்டு மடங்கு பெருத்துக் கோடுகளின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். எழுத்தின் அளவைக் குறைத்தால் பாதி குறையும், பாதி அசையாது.

எனக்கு அப்போது வருகிற கோபத்துக்கு ஒரே மருந்துதான் தெரியும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டுவேன். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நாற்காலியை உருட்டிக்கொண்டு என் பக்கம் வருவாள், கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் திரையைப் பார்ப்பாள். பிறகு பிழையான எழுத்தை விட்டுவிட்டு, சரியாக நிற்கிற ஒரு எழுத்தைத் தேடுவாள். "இது ஏன் சரியாக இருக்கிறது?" என்று கேட்பாள். பிழையானதைப் பார்த்து ஏன் என்று கேட்கிற ஆட்களைத்தான் எனக்குத் தெரியும். சரியாக நிற்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். அவள் பேசியது டேனிஷ். என் காதில் விழுந்த மாதிரி தமிழில் எழுதுகிறேன். அவள் எல்லோரையும் போல என்னை 'நீ' என்றுதான் சொல்வாள், முதலாளியையும் 'நீ' என்றுதான் சொல்வாள்.

இலங்கையில் யுத்தம் முடிந்த வருடம் அது. வைகாசியில் முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். வேலையிடத்தில் ஒருவர், "முடிந்துவிட்டதே, சந்தோஷமா?" என்று நல்ல மனத்தோடுதான் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு "ஓம்" என்றேன். முடிந்தது என்று சொன்ன பிறகுதான் எங்கள் ஆட்களுக்குத் தொலைபேசிகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு அழைப்பும் ஒரு வீட்டில் அழுகையாக முடிந்தது. என் உறவில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்த நாட்களில் அதை வெளியில் சொல்லவே கூச்சமாக இருந்தது.

எங்கள் சபை சின்னது. டேனிஷ் தேவாலயம் ஒன்றின் மண்டபத்தை ஞாயிறு பிற்பகலில் வாடகைக்கு எடுத்து ஆராதிக்கிற பெந்தெகொஸ்தே சபை. கோடை முடிகிற நேரத்தில் பாஸ்டர் ஒரு யோசனை சொன்னார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் சபையாரின் உறவினர்களில் இறந்துபோனவர்களின் பெயர்களை ஒரு தகட்டில் பொறித்து மண்டபத்தில் வைப்போம், அதற்காக ஒரு ஞாயிறு ஜெபம் வைப்போம் என்றார். அவர்களில் ஒருவருக்கும் கல்லறை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு வாய் சும்மா இருக்காது. "நான் வெட்டித் தாறன் பாஸ்டர். எங்கடை வேலையிலை லேசர் மிஷின் இருக்கு" என்றேன். எழுத்தைச் சும்மா பொறிக்காமல் தகட்டை ஊடுருவி வெட்டினால், யன்னலில் வைக்கும்போது வெளிச்சம் பெயர் வழியாக உள்ளே வரும் என்றும் அளந்துவிட்டேன். சபை முழுவதும் ஆமென் சொன்னது. இனிப் பின்வாங்க முடியாது.

பெயர்கள் வரத் தொடங்கின. சிலர் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். சிலர் பிள்ளைகளைக் கொண்டு தட்டுவித்து அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் தட்டத் தெரியாததால் அதில் பாதி சண்டையும் நடந்திருக்கும். ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் பெயர் வரவில்லை.

அந்த வீட்டுச் சகோதரி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். சபையில் எல்லோரும் எல்லோருக்கும் சகோதரிதான், ஆனால் இவரை நான் இங்கே சகோதரி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அவருக்கு ஒரே ஒரு தம்பி. யுத்தம் நடந்த வன்னியில் கடைசி வரை இருந்தவன். தாய் முகாமில் உயிரோடு இருந்தார். மகன் அரிசிச் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்ததைக் கண்டாராம், அதற்குப் பிறகு காணவில்லையாம். உடலைக் கண்டவர்களும் இல்லை, உயிரோடு கண்டவர்களும் இல்லை. பாஸ்டர் இரண்டு தரம் பக்குவமாகக் கேட்டுப் பார்த்தார். பெயரைச் சேர்த்தால் ஜெபத்தில் நினைக்கலாம் என்றார். சகோதரி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை முற்பகல் எங்கள் வீட்டுக்கு வந்தார். இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார், வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. மனைவி தேநீர் கொடுத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"அண்ணை, தம்பியின்ரை பேரை எழுதுங்கோ" என்றார்.

"சரி பிள்ளை, எழுதுறன்."

"எழுதுங்கோ. ஆனா வெட்டாதேங்கோ."

எனக்கு விளங்கவில்லை. கொஞ்சம் எரிச்சலும் வந்தது. "எழுதி வெட்டாமல் விட்டால் அது தகட்டிலை வராதே" என்றேன்.

"வரவேண்டாம். வெட்டினால் நானே அவனைச் சாகடிச்ச மாதிரி. எழுதாமல் விட்டால், ஒருவேளை அவன் இல்லையெண்டால், ஒருத்தரும் அவனை நினைக்கேல்லை எண்டு ஆயிடும். நீங்கள் எழுதி வையுங்கோ. தகட்டிலை அவனுக்கு இடம் விடுங்கோ." பிறகு எழுந்து போகும்போது வாசலில் நின்று, "கடைசியிலை விடாதேங்கோ அண்ணை. நடுவிலை விடுங்கோ. அவன் வரிசையிலை கடைசியிலை நிண்டதே இல்லை, எப்பவும் இடையிலை பூருற ஆள்" என்றார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவர் போன பிறகுதான் அவர் கேட்டது எங்கள் தொழிலில் தினமும் நடக்கிற விஷயம் என்று எனக்கு உறைத்தது. கணினி வரைபடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தாளையும் லேயர் என்போம். வெட்டவேண்டிய கோடு ஒரு லேயரில் இருக்கும், குறிப்பு இன்னொன்றில் இருக்கும். லேசர் வெட்டு லேயரை மட்டும்தான் வாசிக்கும். தம்பியின் பெயரைக் குறிப்பு லேயரில் எழுதி, தவறிப்போய்க்கூட இயந்திரத்துக்குப் போகாதபடி அந்த லேயரை அணைத்து வைத்தேன். மற்றப் பெயர்களுக்கு நடுவே ஒரு வரியை வெறுமையாக விட்டேன். வீட்டுக் கணினியில் எல்லாம் அழகாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்தேன்.

வேலையிடத்தில் திறந்தேன். பெயர்கள் ஒன்றும் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த ஒரு குப்பை வரிவரியாக நின்றது. எதிர்மேசைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன, பெயரா கடவுச்சொல்லா?"

என் வாயிலிருந்து வந்த தமிழ் வார்த்தையை இங்கே எழுத முடியாது. சபைக்காரன் வேறு. நான் தட்டியது எங்கள் ஆட்கள் கலியாண அழைப்பிதழுக்கும் மரண அறிவித்தலுக்கும் பாவித்த பழைய எழுத்துருவில். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் அதன் உள்ளே கிடக்கிற ஆங்கிலக் குப்பைதான் தெரியும். சரி என்று புதிய எழுத்துருவுக்கு மாற்றினேன். இப்போது தமிழ் வந்தது, ஆனால் வரைகிற மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. எழுத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. மேலே இருக்கவேண்டிய புள்ளி பக்கத்தில் தனியாக விழுந்து கிடந்தது. போதாக்குறைக்கு ஒரு பெயர் பெரிதாக, ஒரு பெயர் சரிந்து, இன்னொரு பெயர் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு நின்றது. எத்தனை தரம் ஒரே அளவு கொடுத்தாலும் அவை கேட்கவில்லை.

அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டப் போனேன். அவள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"பொறு. இது ஒரு பிழை இல்லை, மூன்று. மூன்றும் ஒன்றாக வந்ததால் உனக்குக் கோபம் வருகிறது."

பிறகு அவள் செய்ததை இன்றைக்கும் நினைத்து வியக்கிறேன். அவளுக்குத் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. முதலில் என்னிடம் வெள்ளைத் தாளும் பேனாவும் தந்து, வெட்டவேண்டிய பெயர்களை வரிசையாக, ஆறுதலாக, பெரிய எழுத்தில் எழுதச் சொன்னாள். "உன் கை பிழை விடாது. கணினி விடும்" என்றாள். அந்தத் தாளைத் தன் திரையின் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். அதுதான் இனிச் சரி; திரையில் வருவது அதைப்போல இருக்கவேண்டும்.

ஒவ்வொரு பெயரும் தான் வந்த இடத்தின் பழக்கத்தை ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தாள். மின்னஞ்சலிலிருந்து எடுத்து ஒட்டிய பெயர் அந்த மின்னஞ்சலின் அளவையும் சாய்வையும் கண்ணுக்குத் தெரியாத கட்டளைகளாகத் தனக்குள்ளே வைத்திருந்தது. வெளியிலிருந்து நான் கொடுத்த அளவு உள்ளே போகவே இல்லை. அவள் வரிவரியாக அந்த ஒளிந்த கட்டளைகளை உரித்தாள். எழுத்தின் அளவும் அகலமும் வரிக்கு வரி இடைவெளியும் ஒரே ஒரு இடத்தில் தீர்மானமாகிற மாதிரிச் செய்தாள். ஒன்றை மாற்றுவாள், பார்ப்பாள், பிறகுதான் அடுத்ததைத் தொடுவாள். நான் பக்கத்தில் இருந்து "அதையும் மாற்று, இதையும் மாற்று" என்று அவசரப்படுத்தினால், "இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்" என்பாள்.

எழுத்துருவுக்கு அவள் கண்ட வழி எனக்கு வராத யோசனை. நான் வெட்கப்பட்டு ஒதுக்கிய பழைய எழுத்துருவைத் திரும்ப எடுக்கச் சொன்னாள். அதில் கொம்பும் புள்ளியும் தனித்தனி வடிவங்களாகத் தட்டிய வரிசையிலேயே நிற்கும், மென்பொருளுக்குத் தமிழ் தெரிந்திருக்கத் தேவையில்லை. அவளுடைய கணினியில் மட்டும் அதைப் போட்டு, எல்லாம் சரியாக வந்த பிறகு எழுத்தையே வெறும் கோடுகளாக உடைத்துவிட்டாள். கோடுகளுக்கு எழுத்துரு தேவையில்லை. இனி எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு ஓடிப்போகாது.

அதோடு முடியவில்லை. தகட்டை ஊடுருவி வெட்டினால், வளையம் உள்ள எழுத்தின் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். எங்கள் எழுத்தில் வளையத்துக்குப் பஞ்சமா? விழாமல் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு வளையத்திலும் வெட்டாமல் ஒரு மெல்லிய பாலம் விடவேண்டும். எங்கே விட்டால் எழுத்துக் கெடாது என்று அவள் கேட்பாள், நான் விரலால் காட்டுவேன். கோப்பி நேரமெல்லாம் இதிலேயே போனது. ஒரு கட்டத்தில் நான் காட்ட முன்னரே அவள் சரியான இடத்தில் பாலம் போடத் தொடங்கினாள். வாசிக்கத் தெரியாத மொழியின் எழுத்து எங்கே தாங்கும், எங்கே தாங்காது என்று அவள் கைக்குப் பிடிபட்டுவிட்டது. எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஜெபம் ஞாயிறு. வெள்ளிக்கிழமை காலை முதலாளி மிச்சத் தகடு ஒன்றைத் தந்தார், லேசர்காரன் வழக்கமான வேலைகளுக்கு இடையில் வெட்டிவிடுகிறேன் என்றான். எங்கள் தொழிற்சாலையில் வெள்ளிக்கிழமை எல்லோரும் மத்தியானத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். டேனிஷ்காரரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், வெள்ளிக்கிழமை பிற்பகலை மட்டும் கேட்கக் கூடாது. நான் கீழே போனபோது தகடு வெட்டி முடிந்து மேசையில் கிடந்தது. எழுத்தெல்லாம் அச்சொட்டாக இருந்தது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, சீராக, நெருக்கமாக நின்றன.

நடுவில் இடம் இல்லை.

படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. அவள் மேசையடியில் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பி நின்றாள். "ஏன் அந்த இடத்தை எடுத்தாய்?" என்று கத்தினேன். மேல்மாடியில் மிச்சமிருந்த இரண்டு பேரும் கோப்பைகளோடு எழுந்து போய்விட்டார்கள்.

"வெறும் வரி ஒன்று இருந்தது. அதற்குள்ளும் ஒளிந்த கட்டளைகள் கிடந்தன. ஒட்டும்போது வந்த பிழை என்று நினைத்து எடுத்துவிட்டேன். உன் தாளில் அந்த இடம் இல்லையே."

என் தாளில் இல்லைதான். வெட்டுகிற பெயர்களை மட்டும் எழுது என்றாள், நான் அதைத்தான் எழுதினேன். நாட்கணக்காகப் பிழைகளை உரித்தவளுக்கு அந்த வெறுமை இன்னொரு பிழையாகத்தானே தெரியும்? ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நியாயம் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிறு சகோதரி வந்து தகட்டின் முன் நிற்பார், தம்பிக்கு இடம் இல்லை என்று காண்பார் என்பது மட்டும்தான் கண் முன் நின்றது. கத்திக் கத்தியே அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அரிசிச் சாக்கு, தாய், வாசலில் நின்று சிரித்தது, எல்லாம். அணைத்து வைத்திருந்த குறிப்பு லேயரைத் திறந்து அந்தப் பெயரைக் காட்டினேன்.

அவள் சமாதானம் சொல்லவில்லை. தன்னைத் திட்டிக்கொள்ளவும் இல்லை. குளிர்ச்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். முதலாளியைத் தொலைபேசியில் பிடித்து, "எனக்கு ஒரு புதுத் தகடு வேண்டும். மிச்சத் துண்டு போதாது" என்றாள். பிறகு கீழே போய், சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த லேசர்காரனிடம் என்ன சொன்னாளோ, அவன் சைக்கிளைத் திரும்பவும் நிறுத்திவிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை பிற்பகல். நான் அந்த ஊரில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. அவனும் நானும் தகட்டைத் தூக்கி இயந்திரத்தில் ஏற்றுகிற நேரத்துக்குள் அவள் வரைபடத்தைத் திருத்தி அனுப்பிவிட்டாள். பிழையான தகட்டைக் கழிவுத் தொட்டியில் போடவா என்று லேசர்காரன் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானே அதைப் பெரிய அட்டையில் சுற்றி என் காரில் வைத்தான். பெயர்கள் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிறு தகட்டை யன்னலில் வைத்தோம். வெயில் இருந்தது, நான் அளந்தபடியே வெளிச்சம் பெயர்களின் வழியாகத் தரையில் விழுந்தது. அழாதவர்கள் இல்லை. ஒரு ஐயா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உதிலை நடுவிலை ஒரு வரி விடுபட்டுப்போச்சு போலை" என்றார். விடுபடவில்லை ஐயா என்றேன். சகோதரி வந்து அந்த வெறும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"இதிலைதானே அண்ணை?"

"ஓம் பிள்ளை. இதிலைதான்."

"எழுதினதைக் காட்டுவியளோ?"

அவள் திருத்திய வரைபடத்தோடு மடிக்கணினியைக் கொண்டுவந்திருந்தேன். மண்டபத்தின் சமையலறையில் வைத்துத் திறந்து குறிப்பு லேயரைக் காட்டினேன். பார்த்து நானே திகைத்துப்போனேன். நான் எழுதி வைத்தது அளவுமில்லாமல் ஒழுங்குமில்லாமல் சும்மா கிடந்த ஒரு பெயர். இப்போது அது மற்றப் பெயர்களின் அளவில், சரியாக வெறும் இடத்தின் நடுவில், கொம்பும் புள்ளியும் தத்தம் இடத்தில், கோடுகளாக நின்றது. ஒவ்வொரு வளையத்திலும் பாலம் இருந்தது. நாங்கள் தகடு தூக்கிய நேரத்தில் இதையும் செய்திருக்கிறாள். வெட்டப்போவதில்லை, யாரும் பார்க்கப்போவதுமில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சகோதரிக்கு விரிவாகச் சொன்னேன், டேனிஷ்காரி ஒருத்தி எப்படி இதைச் செய்தாள் என்று.

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தச் சின்னச் சின்னத் துண்டுகள் என்னத்துக்கு?" என்றார்.

"அது பாலம். வெட்டேக்கை நடுத்துண்டு விழாமல் இருக்க."

"வெட்டேக்கையோ?"

சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது.

"அப்ப இது வெட்டுறதுக்கு ஆயத்தமாய் இருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. "அதை எடுத்துவிடுங்கோ அண்ணை. அவவிலை பிழை இல்லை. ஆனா அவனுக்கு உது வேண்டாம்."

அவர் பார்த்துக்கொண்டு நிற்க, அந்தப் பாலங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அவ்வளவு நேர்த்தியான வேலையை அழிக்க எனக்குக் கை வரவில்லை. அழித்து முடிய சகோதரி "சரி" என்று சொல்லிவிட்டு, தேநீர் ஊற்றுகிறவர்களுக்கு உதவப் போனார்.

திங்கட்கிழமை எதிர்மேசைக்காரிக்கு எப்படிச் சொல்வது என்று காரில் வரும்போதெல்லாம் யோசித்தேன். சொல்லாமல் விடலாம் என்றும் பார்த்தேன். சொன்னேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள், முகம் சிவந்தது. நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்று கோபித்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் கோபித்திருப்பேன்.

"அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்" என்றாள். "நான் அதை முடித்து வைக்கப் பார்த்தேன். முடிப்பது அவளுடைய வேலை, என்னுடையது இல்லை."

அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். நான் அவசரத்தில் பாலங்களை அழித்த இடங்களில் வளையங்கள் அரைகுறையாக வாய் பிளந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக மூடி, எழுத்துகளை முழுதாக்கினாள். பிறகு அந்த லேயரைப் பூட்டினாள். பூட்டிவிட்டால் பார்க்கலாம், ஆனால் யாரும் தொட முடியாது. "இனி என்னைப் போல ஒருத்தி வந்து திருத்தக் கூடாது" என்றாள்.

அதற்குப் பிறகு வருடங்கள் போய்விட்டன. தம்பியைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பழைய வரைபடங்களின் எழுத்துகள் எங்கேயாவது குழம்பும், நான் சத்தம் போடுவேன். அவள் புதிய பதிப்பில் முதலில் திறந்து பார்ப்பது எந்தப் பாற்பண்ணையின் வரைபடத்தையும் அல்ல. அந்தப் பெயர் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதற்குப் போவாள்.

கோடை விடுமுறைக்கு முன்னால் எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடக்கும். முடியாமல் கிடக்கிற வேலைகளை ஒவ்வொன்றாக வாசித்து, முடிந்ததை மூடிக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை புதிதாக வந்த மேலாளர் ஒருவர் நடத்தினார். வேலை இலக்கங்களை வாசித்துக்கொண்டு வந்தவர் எங்கள் பெயர்த் தகட்டின் இலக்கத்தில் நின்றார்.

"இது ஏன் இவ்வளவு காலமாகத் திறந்து கிடக்கிறது? தகடு எப்போதோ வெட்டியாகிவிட்டதே. யாருடைய வேலை?"

நான் கத்தத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"என்னுடையது. இன்னும் முடியவில்லை. வாடிக்கையாளரிடமிருந்து ஒரு தகவல் வரவேண்டியிருக்கிறது."

"எப்போது வரும்?"

"தெரியாது. கேட்டு அவசரப்படுத்தக்கூடிய தகவல் இல்லை. திறந்தே இருக்கட்டும்."

மேலாளர் தலையாட்டிவிட்டு அடுத்த இலக்கத்துக்குப் போனார். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் சகோதரிக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணை" என்றார். "அவவிட்டைச் சொல்லுங்கோ, தகவல் வந்த உடனை முதல் அவவுக்குத்தான் சொல்லுவன் எண்டு."